கூடை இறங்கியது, கை எழவில்லை

1983 பிப்ரவரி 12, விடியாத நேரம். நார்ஃபோக்கிலிருந்து மாசசூசெட்ஸுக்கு நிலக்கரி ஏற்றிச் சென்ற ‘மரைன் எலெக்ட்ரிக்’ கப்பல், அமெரிக்காவின் வர்ஜீனியா கரைக்கு அப்பால் புயலில் கவிழ்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கப்பல் அது. சரக்கறை மூடிகள் துருவேறி ஓட்டை விழுந்திருந்தன. அப்படியும் அது கடலுக்கு அனுப்பப்பட்டது. கப்பலில் 34 பேர். கடல்நீரின் வெப்பம் சுமார் 4 டிகிரி செல்சியஸ்.

கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்து மீட்புக் கூடையை இறக்கியது. கூடை கைக்கெட்டும் தூரத்தில்தான் மிதந்தது. ஆனால் அந்தக் குளிரில் முதலில் செயலிழப்பவை விரல்கள். எட்டிப் பிடிக்கவோ உள்ளே ஏறவோ பலருக்குத் தெம்பில்லை. நீரில் இறங்கி அவர்களைத் தூக்கிவிட அந்த ஹெலிகாப்டரில் ஆள் இல்லை. அப்படியொரு பணியே அப்போது அந்தப் படையில் கிடையாது. ஓஷியானா விமானத் தளத்திலிருந்து கடற்படையின் உதவி கேட்கப்பட்டது. அங்கிருந்து வந்த கடற்படை மீட்பு நீச்சல் வீரர் ஜேம்ஸ் மெக்கேன் நீரில் குதித்தார். உடல் ஓயும்வரை ஒவ்வொருவராகத் தேடி நீந்தினார். பலருக்கு அதற்குள் உயிர் பிரிந்திருந்தது. பிழைத்தவர்கள் மூவர்.

அமெரிக்க நாடாளுமன்றம் விழித்துக்கொள்ள 31 உயிர்கள் தேவைப்பட்டன. 1984-இல் கடலோரக் காவல்படைக்கென மீட்பு நீச்சல் வீரர்களை உருவாக்கச் சட்டம் பிறந்தது. பென்சகோலாவிலிருந்த கடற்படைப் பள்ளியில் முதல் அணிகள் பயின்றன. மறு ஆண்டே எலிசபெத் சிட்டி தளத்தில் பணி தொடங்கியது. தேர்ச்சி எளிதல்ல. நீருக்கடியில் மூச்சடக்கவும், பீதியில் தன்னையே இறுக்கிப் பிடிப்பவரின் பிடியை விடுவித்து அவரையும் காப்பாற்றவும் தெரிய வேண்டும். பயிற்சியை முடிக்காமலே வெளியேறியவர்கள் ஏராளம்.

உயரத்திலிருந்து குதிப்பதைத்தான் நாம் வியந்து பார்க்கிறோம். அதைவிடப் பெரிய துணிச்சல், தன்னை இறக்கிவிட்ட ஹெலிகாப்டரைத் தானே போகச் சொல்வது.

கடலோரக் காவல்படையின் மீட்பு நீச்சல் பணிக்குத் தேர்ச்சி பெற்ற முதல் பெண் கெல்லி மோக். 1989 ஜனவரியில் ஆரிகன் கரைக்கு அப்பால் போர்விமானம் ஒன்று கடலில் விழுந்தது. பாராசூட் கயிறுகள் சுற்றிக் குளிரில் விறைத்துக் கிடந்த விமானியை, நீருக்குள் ஒவ்வொரு கயிறாக விலக்கி மோக் விடுவித்தார். விமானிக்கு உடனே மருத்துவமனை வேண்டும். அவரை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் கிளம்பியது. மோக் கடலிலேயே மிதந்தார், அடுத்த ஹெலிகாப்டர் வரும்வரை.

2004 டிசம்பர் 8-இல் அலாஸ்காவின் உனலாஸ்கா தீவருகே ‘செலண்டாங் ஆயு’ சரக்குக் கப்பல் இயந்திரம் செயலிழந்து தரைதட்டியது. அதில் இந்திய மாலுமிகளும் இருந்தார்கள். கடைசியாக எஞ்சியவர்களைத் தூக்கும்போது பேரலை ஒன்று எழுந்து ஹெலிகாப்டரையே கடலில் வீழ்த்தியது. ஹெலிகாப்டர் குழுவினர் மூவரும் மாலுமி ஒருவரும் மீட்கப்பட்டார்கள். ஆறு மாலுமிகள் மாண்டனர். மீட்பு நீச்சல் வீரர் ஆரன் பீன் அப்போது, உடைந்துகொண்டிருந்த கப்பலின் முகப்பில் கேப்டனோடு நின்றிருந்தார். மற்றொரு ஹெலிகாப்டர், கடலிலிருந்து எடுத்தவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, இருட்டில் அந்த இருவரையும் தூக்கிச் சென்றது.