தண்ணீருக்குக் கழித்த இரண்டு கிலோ: தோட்டப் பாடசாலைகளில் ஓர் அறநெறிக் கட்டுரைப் போட்டி

கிளிநொச்சியில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஹட்டன் பக்கம் பிள்ளையளுக்குக் கட்டுரைப் போட்டி ஒண்டு வச்சனீங்களாம். அதை இங்க எங்கட பிள்ளையளுக்கும் வைக்கலாமோ?" என்று கேட்டார். அவருடைய அம்மம்மா நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு லயத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அங்கே போரும் அவர்களைத் தேடி வந்தது. தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வடக்கிலோ கிழக்கிலோ இதை நடத்த நினைக்கும் வேறு சிலருக்கும் பயன்படக்கூடும்.

சேவைக் கழகமொன்றின் பெயரில்தான் போட்டி நடந்தது. நான் உறுப்பினன் அல்ல. ஊடகக் கற்கை படித்தவன், எழுதுகிறவன் என்பதால் ஒழுங்கமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. உலகெங்கும் றோட்டரி கழகங்கள் மாணவர்களுக்கு நடத்தும் அறநெறிக் கட்டுரைப் போட்டிகளுக்கு அடிப்படையாக இருப்பவை நான்கு கேள்விகள். அவற்றையே நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் கேள்விகளின் கதை பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. சிக்காகோவில் சமையல் பாத்திரம் விற்கும் நிறுவனமொன்று 1932இல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்த வந்தவர் ஹேர்பர்ட் ஜே. டெய்லர். ஊழியர்கள் எல்லோரும் தினமும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள ஓர் அளவுகோல் வேண்டுமென்று நினைத்து, நான்கு கேள்விகளை எழுதினார். நினைப்பது, சொல்வது, செய்வது எதுவாயினும் அது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மை தருமா என்பவைதான் அவை. முதலில் தன் மேசையிலேயே பரீட்சித்துப் பார்த்தார். தன் நிறுவனத்தின் விளம்பரமே முதற்கேள்வியில் தோற்றது. 'மிகச் சிறந்த', 'ஒப்பற்ற' போன்ற சொற்களை நிரூபிக்க முடியாதென்று அவற்றை நீக்கச் சொன்னார். வெவ்வேறு சமயப் பிரிவுகளைச் சேர்ந்த நான்கு பிரிவுத் தலைவர்களிடம், இது உங்கள் நம்பிக்கைக்கு முரணாக இருக்கிறதா என்றும் கேட்டார். 1943இல் றோட்டரி அமைப்பு இதைத் தனதாக்கிக்கொண்டது.

தலைப்பில்தான் நாங்கள் முதலில் பிழைவிட்டோம். ஒத்திகையாக ஒரு வகுப்பில் 'நேர்மை' என்று மட்டும் கொடுத்தோம். அரிச்சந்திரனும் காந்தியும் வந்து குவிந்தார்கள். முடிவுரைகூட ஒன்றுபோலவே இருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. புலமைப்பரிசில் காலத்திலிருந்தே மாதிரிக் கட்டுரையை மனனம் செய்யத்தான் பழக்கியிருக்கிறோம். அடுத்த முறை, "நீ கண்ணால் கண்ட அல்லது நீயே செய்த ஒரு காரியத்தை எடுத்துக்கொள். நான்கு கேள்விகளையும் அதனிடம் கேள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுது" என்று கொடுத்தோம். கடைசி வாக்கியம்தான் பூட்டைத் திறந்தது.

நடைமுறை விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாகாணப் பாடசாலைகளுக்குள் போக வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. எந்தப் பாடசாலை எந்த வலயத்தில் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்த்தினப் போட்டிகளோடு மோதாத திகதி வேண்டும். தரம் 8, 9 மாணவர்களே சரியான வயதென்று எனக்குத் தோன்றுகிறது. சாதாரண தரப் பரீட்சையின் அழுத்தம் இன்னும் தொடங்கியிருக்காது. கட்டுரையை வீட்டில் எழுதிவர விடாதீர்கள். ரியூசன் மாஸ்டரின் எழுத்துத்தான் வரும். இரண்டு பாடவேளை, வகுப்பறையில், சொந்தக் கையெழுத்தில், முந்நூறு சொல்லுக்குள் போதும். தாளைக் கழகமே கொடுக்க வேண்டும். 2022இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. கொப்பி விலை அதன்பிறகு பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

பரிசளிப்பு ஞாயிற்றுக்கிழமை நடக்கட்டும். வேலை நாளில் வைத்தால் தாய்க்கு அன்றைய 'பேர்' போய்விடும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளமே 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. பிள்ளை கைதட்டு வாங்குவதைப் பார்க்க ஒரு தாய் அதைக் கட்டணமாகக் கட்டக்கூடாது. பஸ் காசையும் கழகம் கொடுத்தால் நல்லது. மேற்கு மலைநாட்டில் தென்மேல் பருவமழை கொட்டும் மாதங்களைத் தவிருங்கள். மஸ்கெலியா வீதியென்றால் சிவனொளிபாதமலை பருவகால வார இறுதிகளையும் தவிருங்கள்.

புள்ளியிடுவதில் மொழிக்கு நாங்கள் பத்துப் புள்ளிதான் வைத்தோம். கண்ட நிகழ்ச்சியைத் தெளிவாகச் சொல்வதற்கு நாற்பது, கேள்விகளோடு மல்லுக்கட்டுவதற்கு முப்பது, எதிர்த்தரப்பின் நியாயத்தைப் பார்த்ததற்கு இருபது. லயத்துப் பேச்சுத்தமிழ் கட்டுரைக்குள் வந்தால் புள்ளி குறைக்க வேண்டாமென்று நடுவர்களிடம் சொன்னோம். ஒருவர் கடைசிவரை உடன்படவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பெயர் மறைப்பு. தாளில் இலக்கம் மட்டும். பெயர் தனி உறைக்குள். நடுவர்கள் வேறு மாவட்டத்தவர்கள். யாருடைய பெயரையும் எழுத வேண்டாமென்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொன்னோம். உண்மையை எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் வீட்டில் படும் கொடுமையையும் எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு தாள் வந்தால் என்ன செய்வதென்று போட்டிக்கு முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரின் தொடர்பும் கையில் இருக்கட்டும். ஆபத்திலிருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்க மட்டுமே உறையைத் திறக்கலாம். திறப்பவர் ஒருவராக இருக்க வேண்டும்.

இவ்வளவும் யோசித்த எங்களுக்கு, முதற்பரிசுக் கட்டுரை வந்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை.

எழுதியவள் ஒரு தொழிலாளியின் மகள். அந்தக் குடும்பம் இப்போது தோட்டத்தில் இல்லை. தாய் சம்மதித்த பிறகே, இடத்தையும் ஆண்டையும் விட்டுவிட்டு இதைச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்குமென்று இரண்டு கிலோ கழிக்கிறார்கள், வெயில் எரிக்கிற நாளிலும் கழிக்கிறார்கள், அதனால் நிறை எட்டாமல் அம்மாவுக்கு அரைப்பேர் விழுகிறது என்று எழுதியிருந்தாள். இது உண்மையா, நியாயமா என்று கேட்டாள். அத்தோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல முறைப்பாடு, அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில், சில நாட்களில் அம்மாவே ஓடையில் தண்ணீர் அள்ளிக் கொழுந்தில் தெளிப்பதையும் எழுதியிருந்தாள். கழிக்கிறார்கள் என்பதால் தெளிக்கிறோம், தெளிக்கிறோம் என்பதால் கழிக்கிறார்கள், இதை முதலில் தொடங்கியது யாரென்று எனக்குத் தெரியவில்லை என்பதே அவள் சொன்னதன் சாரம். இரண்டு நடுவர்களும் தனித்தனியே அதற்குத்தான் அதிக புள்ளி போட்டிருந்தார்கள்.

முதற்பரிசுக் கட்டுரையை மேடையில் வாசிப்பது வழக்கம். பிரதம விருந்தினராக அழைத்திருந்ததோ ஒரு தோட்டத் துரையை. மலையகத்துச் சிறுநகரங்களில் இது அதிசயமில்லை. கழக உறுப்பினர், நன்கொடையாளர், துரை எல்லோரும் ஒரே மேசையில் தேநீர் குடிப்பவர்கள். குழுக் கூட்டத்தில் ஒருவர், "இத ரெண்டாவதா வச்சிட்டு, முதல் பரிச வேறொன்னுக்குக் குடுத்திருவோம். யாருக்கும் சங்கடமில்ல" என்றார். அவர் கெட்டவரில்லை, தாள் வாங்கக் காசு கொடுத்ததே அவர்தான். நான்கு கேள்விகள் அச்சிட்ட துணி அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொருவர் கட்டாயம் வாசிக்கத்தான் வேண்டுமென்று மேசையில் அடித்தார். நானும் அவர் பக்கம்தான் இருந்தேன். உள்ளுக்குள் அதை ஒரு நல்ல செய்திக் கட்டுரையாக்கும் ஆசையும் எனக்கு இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

கூட்டத்தில் அதுவரை பேசாமலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "அந்தப் புள்ளகிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றார்.

கேட்கப் போனோம். பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய், "பரிசக் குடுங்க சார். வாசிக்க வேணாம். நாளைக்கும் நான் அந்தத் தராசுலதான் நிறுக்கணும்" என்றார். அப்படியே செய்தோம். அவளுக்கு முதற்பரிசு கிடைத்தது. அந்த வருடம் எந்தக் கட்டுரையும் வாசிக்கப்படவில்லை. அடுத்த வருடத்திலிருந்து தோட்ட நிர்வாகத்திலோ அரசியலிலோ இருப்பவர்களை மேடைக்கு அழைப்பதில்லை என்றும், வெளியிடுவதற்கு முன் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே கேட்பதென்றும் விதி எழுதினோம். அந்தத் தராசு மாறியதாக நான் கேள்விப்படவில்லை.

கிளிநொச்சி ஆசிரியைக்கு இதைச் சொன்னபோது சிறிது நேரம் அவர் பேசவில்லை. அங்கே ஒரு பிள்ளையிடம் 'கண்ணால் கண்டதை எழுது' என்றால் எது வருமென்பது என்னைவிட அவருக்குத் தெரியும். காணாமலாக்கப்பட்ட மாமாவைப் பற்றி எழுதலாம். வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனவர்களைப் பற்றியும் எழுதலாம். தோட்டத்தில் ஒரு தாய்க்கு அரைப்பேர் போகும். அங்கே போகக்கூடியது வேறு. முதல் வருடத்துக்குத் தலைப்பை வகுப்பறைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

"போட்டி முடிஞ்சாப் பிறகு அந்தத் தாளெல்லாம் ஆரிட்ட இருக்கும், தம்பி?" என்று கேட்டார்.

எங்களிடம் ஒன்றுமில்லை என்றேன். முடிவு அறிவித்த கிழமையே எல்லாத் தாளையும் அந்தந்தப் பிள்ளையின் கையில் திருப்பிக் கொடுத்தோம். பெயர் உறைகளைக் கழக மண்டபத்துக்குப் பின்னால் எரித்தோம். பிரதி எடுக்கவில்லை. அனுமதிக் கடிதத்தின் மாதிரியைத் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்பிவைக்கச் சொன்னார். அன்றிரவே அனுப்பினேன்.