மகரக்கட்டு

மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளிடம் சேர்ந்தபோது தி. க. சண்முகத்துக்கு வயது ஆறு. கம்பெனி வீடுதான் பள்ளிக்கூடம். வாத்தியார் சொல்லச் சொல்லப் பாட்டும் வசனமும் நெட்டுருவாக வேண்டும். மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்ட, பிஞ்சுத் தொண்டைகள் உச்ச ஸ்தாயியிலேயே பாடிப் பழகின.

அந்தப் பிள்ளைகளை நினைத்தால் என் மனம் மகரக்கட்டில்தான் போய் நிற்கும். பருவ வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையத் தொடங்கியதும் ஸ்திரீபார்ட் பையனின் பெண் வேஷம் வேறொருவனுக்குப் போய்விடும். வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது எப்பேர்ப்பட்ட இடி!

சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவருடைய வள்ளி திருமணம் இன்றும் புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக நடக்கிறது. நான் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதே இல்லை. பபூனும் டான்ஸும் ஆடி முடித்த பிறகு நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்குவார்கள். ஒருவர் விட்ட அடியை மற்றவர் பிடிக்க, ஹார்மோனியக்காரர் இருவர் வாயையும் பார்த்தபடியே கட்டைகளில் விரலை ஓட்டுவார்.