மங்கா விற்பனைச் சரிவு

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் அச்சு விற்பனை 1990-களின் நடுப்பகுதிக்குப் பின் கண்ட வீழ்ச்சி. சூயெய்ஷா நிறுவனத்தின் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழ் உச்சத்தில் சுமார் 65 லட்சம் பிரதிகள் அச்சானது. 2017-இல் அது 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

காரணங்கள்: ‘டிராகன் பால்’ (1995), ‘ஸ்லாம் டங்க்’ (1996) ஆகிய பெருந்தொடர்கள் அடுத்தடுத்து முடிந்தன. பிறப்பு விகிதம் குறைந்ததால் இளம் வாசகர்கள் அருகினர். ரயில் பயணத்தில் இதழ் புரட்டிய கைகளுக்குக் கைபேசி வந்தது. பழைய புத்தகக் கடைகளும், வாங்காமலே படிக்க இடம் தரும் மங்கா கஃபேக்களும் புதுப் பிரதிகளின் தேவையைக் குறைத்தன. திருட்டு இணையதளங்கள் படைப்பாளிகளின் உழைப்பைச் சுரண்டின. அவற்றுள் பெரியதான ‘மங்காமுரா’ 2018-இல் முடங்கியது.

வெளிநாடுகள்: அமெரிக்காவில் 2007-க்குப் பின் விற்பனை சரிந்தது. பொருளாதார மந்தம், ரசிகர்களின் உரிமம் பெறாத மொழிபெயர்ப்புகள், 2011-இல் பார்டர்ஸ் புத்தகக் கடைகள் மூடப்பட்டது ஆகியவை முக்கியக் காரணங்கள்.

மீட்சி: ஜப்பானில் 2017-இல் மின்னணு மங்கா விற்பனை அச்சு நூல்களை முந்தியது. 2020-இல் மொத்தச் சந்தை 1995-இன் உச்சத்தைக் கடந்தது. ஆகவே ஜப்பானில் சரிந்தது அச்சு விற்பனையே; மங்கா வாசிப்பு தளரவில்லை.