கார் ஒலிச்சாதன மேம்பாடு
காருடன் வந்த ஸ்பீக்கர்களை மாற்றி, சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்த்து, நாதத்திற்குத் தெளிவும் கனமும் அளிக்கும் முறை. இச்சாதனங்களை நாடுவோரிடையே, சிங்கப்பூர் ஜாலான் புசாரில், 10ஆம் இலக்கத்தில் நிற்கும் சிம் லிம் டவர், மின்னணு உறுப்புகளும் ஒலிச்சாதனங்களும் விற்கும் கடைகளால் பிரசித்தி பெற்றது.

ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஸ்தாயி ஒலிகளைச் சப்வூஃபர் ஏற்றுக்கொள்வதால், கதவிலுள்ள சிறிய ஸ்பீக்கர்கள் அப்பாரத்தினின்று விடுபட்டுப் பாடகரின் குரலைத் தெளிவுறத் தருகின்றன; சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8இல் தவில் முழங்கும்போது இவ்வேறுபாடு செவிக்குப் பிரத்தியட்சமாகும்.

12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் தடித்த வயரில், பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் அமைப்பது அத்தியாவசியம். அதை விடுத்தால், உறை உரசித் தேய்ந்த வயர் காரின் உலோக உடலைத் தொடும் கணத்தில் தீ மூளும் அபாயமுண்டு.