சும்மா கிடைத்த காதல் கதைகள்

2004ஆம் ஆண்டு. ஏ-9 பாதை திறக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள், பூட்டிக் கிடந்த தம் வீடுகளைத் திறந்து, கூட்டித் துடைத்து, விற்கக்கூடியவற்றை விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த காலம். நெல்லியடிச் சந்திக்கு அண்மையில் பழைய பேப்பர் வாங்கி விற்கும் ஒருவரிடம் அப்படி ஒரு வீட்டு ரங்குப்பெட்டி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

பெட்டிக்குள் மூன்று வகைப் புத்தகங்கள் இருந்தன. முத்து காமிக்ஸ் இதழ்கள் பதினொன்று. வீரகேசரிப் பிரசுர நாவல்கள் ஆறு. அவற்றுள் நான்குக்கு அட்டை இல்லை. மிகுதி, கைக்கடக்கமான ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் 64 பக்கம். கண்ணீர் ததும்பும் இளம் பெண்ணும், அவளுக்குப் பின்னால் கோட் அணிந்த இளைஞனும் அட்டையில். லண்டனில் அச்சான காதல் சித்திரக்கதைகள்.

வியாபாரி விவரமானவர். "முத்து கொமிக்ஸ் ஒண்டு ஐம்பது ரூபா ஐயா. வெளிநாட்டிலை இருக்கிற பெடியள் தேடினம். மற்றதெல்லாம் உங்களுக்குச் சும்மா. பெட்டியை வெறுமையாக்கித் தாங்கோ" என்றார்.

இரும்புக்கை மாயாவிக்கு விலை உண்டு, காதலுக்கு இல்லை. அன்று வீட்டுக்கு வந்து மூன்று வகையையும் மேசையில் பரப்பி வைத்தபோது ஒரு கேள்வி எழுந்தது. ஆங்கிலத்தில் இத்தனை காதல் சித்திரக்கதைகள் இருக்க, தமிழில் அப்படி ஒரு வகையே ஏன் உருவாகவில்லை? நான் காதல் கதைப் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கியது அந்தக் கேள்வியால்தான்.

காதல் சித்திரக்கதை என்ற வகையைத் தொடங்கி வைத்தவர்கள், விந்தையாக, வீரசாகசக்காரர்கள். 1941இல் 'கேப்டன் அமெரிக்கா'வைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும், போர் முடிந்த பின் 1947இல் 'யங் ரொமான்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார்கள். போர்க்காலத்துச் சாகச வாசகர்கள் வளர்ந்துவிட்டார்கள், பெண் வாசகர்களுக்கென்று எவரும் சித்திரக்கதை போடவில்லை என்ற கணக்கு அது. கணக்குப் பிழைக்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அமெரிக்கப் பதிப்பாளர் பலரும் காதல் இதழ்களைக் கொட்டினார்கள். 1954இல் வந்த சித்திரக்கதைத் தணிக்கைக் கோவை இக்கதைகளின் உயிர்ப்பை வெகுவாகக் குறைத்தது. ஆயினும் 'யங் ரொமான்ஸ்' 208 இதழ்கள் கண்டு 1975 வரை தாக்குப்பிடித்தது. இத்தாலியில் 1946இலேயே 'கிராண்ட் ஹோட்டல்' வார இதழ் வரைந்த காதல் தொடர்களுடன் வந்துவிட்டது. சிறிது காலத்தில் ஓவியங்களின் இடத்தைப் புகைப்படங்கள் பிடித்து, 'ஃபோட்டோரொமான்சோ' என்ற தனி வகையே பிறந்தது.

லண்டனில் இந்தச் சிறு புத்தகங்களைப் போட்டதில் முதன்மையானது அமல்கமேட்டட் பிரஸ். 1959இல் அது ஃபிளீட்வே எனப் பெயர் மாறியது. ஃபிளீட்வே என்ற பெயரைக் கண்டதும் பழைய காமிக்ஸ் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1962இல் அந்நிறுவனம் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழில் வந்த 'ஸ்டீல் க்ளோ'தான் நம் இரும்புக்கை மாயாவி. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்தவரும் அவரே. மாயாவியை வரைந்த ஜேசுஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். அதே காலத்தில் பிரித்தானியக் காதல் புத்தகங்களின் பக்கங்களை வரைந்தவர்களிலும் பெரும் பகுதியினர் பார்சிலோனாவின் ஓவியர்கள். ஆக, ரங்குப்பெட்டிக்குள் அருகருகே கிடந்த அந்த இரு வகைப் புத்தகங்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சிவகாசி அண்ணனை அழைத்து வந்தது; தங்கையை அங்கேயே விட்டுவிட்டது.

காரணம் தேடி அதிக தூரம் போகவேண்டியதில்லை என்பது என் எண்ணம். தமிழில் சித்திரக்கதை என்பது சிறுவனுக்கு அப்பா வாங்கிக் கொடுக்கும் பொருளாகவே பிறந்தது. 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் 'கத்தி முனையில் மாடஸ்தி'யுடன் வந்தது. ஒரு பெண்ணையே நாயகியாக்கிய துணிச்சலான தொடக்கம். ஆனால் மாடஸ்தி துப்பாக்கி எடுக்கலாம், முத்தம் கொடுக்கக் கூடாது. அந்தக் காலத் தமிழ்க் காமிக்ஸில் பெண்களின் உடை மை பூசி நீட்டப்பட்டதைப் பழைய இதழ்களைப் புரட்டுவோர் இன்றும் காணலாம். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமம் தொடங்கிய ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டை முன்நிறுத்தியபோதிலும் சாகசத்தைத்தான் விற்றது. 2005இல் நிற்கும் வரை அது 500 இதழ்கள் போட்டது. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு' மட்டும் ஒரு விதிவிலக்கு என்று சொல்லலாம். சிறு உருவாக்கப்பட்ட இளவரசி லைலாவைச் சுமந்துகொண்டு சிந்துபாத் அலையும் கதை அது. ஆனால் அங்கேயும் பயணம்தான் முடிவதில்லை. காதல் தொடங்குவதே இல்லை.

இதே தீவில் சிங்கள வாசகருக்கு நிலைமை வேறு. 1951இல் 'லங்காதீப' பத்திரிகையில் ஜி. எஸ். பெர்னாண்டோவின் 'நீலா' தொடங்கியதிலிருந்து சிங்களச் சித்திரக்கதை வளர்ந்தவர்களுக்கான பொழுதுபோக்காகவே வளர்ந்தது. 1970களிலும் 1980களிலும் 'சித்தர' போன்ற, முழுக்க முழுக்கச் சித்திரத் தொடர்களாலான வாரப் பத்திரிகைகள் வந்தன. அவற்றில் காதலுக்குக் குறைவே இல்லை. பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றபடி இளம் பெண்கள் அவற்றை வாசித்ததைக் கொழும்பில் வேலை பார்த்த நம்மவர்கள் கண்டிருப்பார்கள். தொலைக்காட்சி வந்து மெல்ல அந்த வாசகர்களைக் கொண்டுபோயிற்று.

நம்மிடம் ஓவியர் இல்லை என்று சொல்லவும் முடியாது. நெல்லியடிக்குப் பக்கத்துக் கரவெட்டியில் பிறந்தவர் 'சுந்தர்' என்ற சி. சிவஞானசுந்தரம். 'சவாரித் தம்பர்' என்ற கருத்தோவியப் பாத்திரத்தைப் படைத்தவர். 1963இல் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கி, பின்னர் அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தவர். அவருடைய கோட்டில் யாழ்ப்பாணம் முழுவதும் இருந்தது. ஆனால் காதல் அங்கே 'மைனர் மச்சா'னாகச் சிரிப்பு மூட்டவே வந்தது. படமாக வரைந்தால் சிரிக்கவேண்டும், அழவேண்டுமானால் எழுத்தாக இருக்கவேண்டும் என்று நாங்கள் எங்களுக்குள் ஏதோ ஒப்பந்தம் செய்துகொண்டோம் போலும்.

எழுத்தாக அது வந்தது. எப்படி வந்தது என்பதுதான் இந்தச் சேகரிப்பில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம்.

1970இல் பதவிக்கு வந்த ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான அரசு, அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதிகளை இறுக்கியது. இந்தியச் சஞ்சிகைகளும் மலிவுப் பதிப்பு நாவல்களும் அந்தக் கட்டுப்பாட்டில் அகப்பட்டன. தமிழகச் சஞ்சிகைகளின் வெள்ளத்தில் உள்ளூர் எழுத்து மூழ்குகிறது என்று நம் முற்போக்கு எழுத்தாளர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்தவர்கள். அவர்கள் எதிர்பார்த்தது ஈழத்தின் கனமான இலக்கியத்தை. அதுவும் வந்தது. ஆனால் கதைத் தாகத்தோடு இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் முதலில் போய்ச் சேர்ந்தது, 1930 முதல் கொழும்பில் இயங்கிவந்த வீரகேசரி நிறுவனத்தின் மலிவு விலை நாவல்களே. பத்திரிகை விநியோகிக்கும் அதே வழியில், பத்திரிகை விற்கும் அதே கடைகளில், புத்தகமும் தொங்கியது. இலங்கைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இது ஒரு பெரிய மாற்றம். அதுவரை நாவலாசிரியர் தம் செலவில் அச்சிட்டுத் தாமே தோளில் சுமந்து விற்றுக்கொண்டிருந்தார்.

அந்த வரிசையை 'வெறும் காதல் கதைகள்' என்று ஒதுக்கிய விமரிசகர்களை நான் மாணவனாக இருந்த காலத்தில் நம்பியிருந்தேன். புத்தகங்களைக் கையில் வைத்துப் பார்த்த பின் நம்பமுடியவில்லை. திருகோணமலை ந. பாலேஸ்வரியின் 'பூஜைக்கு வந்த மலர்' 1972இல் வந்தது. குடும்பப் பெண்கள் கையில் எடுத்துக் கீழே வைக்காத எழுத்து அவருடையது. 1973இல் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' வந்தது. நெடுந்தீவுக் கடற்கரையில் வாடி அமைக்க வந்த மீனவர்களின் காதலும் பகையும் அதன் கதை. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. அதே 1973இல் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. தண்ணிமுறிப்புக் காட்டையும் பதஞ்சலி என்ற வன்னிப் பெண்ணையும் தமிழ் வாசகர் மறக்கமுடியாதபடி செய்த அந்த நாவல் சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. எங்கள் வடமராட்சித் தெணியானின் 'விடிவை நோக்கி'யும் இந்த வரிசையில் வந்ததுதான். காதல் என்ற அட்டைக்குள் நெடுந்தீவும் வன்னியும் சாதிப் பிரச்சினையும் வீட்டுக் குசினி வரை போய்ச் சேர்ந்தன. தமிழகத்து 'ராணிமுத்து' இங்கே தாராளமாக வந்துகொண்டிருந்தால் இது நடந்திருக்காது.

இந்த வரிசைக்கு ஆயுள் குறைவு. 1977இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்தது. இந்தியச் சஞ்சிகைகள் மீண்டும் கப்பலேறி வந்தன. முத்து காமிக்ஸ் எங்கள் கைக்குத் தாராளமாக வந்ததும் அப்போதுதான். நாங்கள் சிறுவர்கள் கொண்டாடினோம். உள்ளூர் நாவல் அச்சிட்டவர்களுக்கு அது நல்ல செய்தி அல்ல என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் அந்த நாவல்களின் சொந்தக்காரி என் அம்மாவின் கடைசித் தங்கை, குஞ்சம்மா. சேலைகளுக்குக் கீழே ரங்குப்பெட்டியில் முப்பதுக்குக் கிட்ட வைத்திருந்தார். 'மித்திர'னில் வந்த தொடர்களையும் வெட்டி, தடித்த நூலால் தைத்து, பழைய கலண்டர்த் தாளில் அட்டை போட்டிருந்தார். நான் எட்டு வயதில் ஒன்றை எடுத்துப் புரட்டியபோது, "உது பெரியாக்கள் வாசிக்கிறது தம்பி, வை" என்று பறித்தார். அப்பு வீட்டுக்குள் வரும் சத்தம் கேட்டால் அதே புத்தகம் அவர் கையிலிருந்தும் மறைந்துவிடும்.

குஞ்சம்மாவின் நூலகம் வாசிகசாலையை விட ஒழுங்கானது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்திலும் பென்சிலால் ஒரு பட்டியல்: யார் கொண்டுபோனது, எந்தத் திகதி. திரும்பி வந்தால் ஒரு கோடு. ஒழுங்கையால் வரும் பெண்கள் சீலைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுபோவார்கள். ஊர் வாசிகசாலைக்குப் பெண்கள் போய் உட்கார்ந்து வாசிக்கிற வழக்கம் அப்போது இல்லை.

1987 மே 26இல் வடமராட்சியில் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' தொடங்கியது. கோயிலில் போய் இருந்துவிட்டுத் திரும்பியபோது வீட்டின் பாதிக் கூரை இல்லை. பெட்டி இருந்த அறை அந்தப் பாதியில் இருந்தது. குஞ்சம்மா சேலைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நனைந்து கட்டியாகிப்போன புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருமணம், கனடா.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது போன 97,000 நூல்களைப் பற்றி உலகம் எழுதியது. எழுதத்தான் வேண்டும். ஆனால் இந்தக் காதல் நாவல்களைப் பெரிய நூலகங்கள் அக்கறையோடு சேர்த்ததாக நான் அறியேன். அவை இருந்தது வீடுகளில், வீடுகளோடு போயின. 1990இன் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பத்திரிகை அச்சிடவே தாள் இன்றிக் கோடு போட்ட கொப்பித் தாளில் நாங்கள் செய்தி அச்சிட்டோம். அந்த நாட்களில் எத்தனை நாவல் சரைகளாகிப் போயிற்றோ. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார் எண்ணிம வடிவில் பலவற்றை மீட்டுவைத்திருக்கிறார்கள். நானும் என்னிடம் இருந்தவற்றைப் படமெடுக்கக் கொடுத்தேன்.

ஒன்றை அவதானித்தேன். என்னிடம் இப்போது உள்ள நாற்பத்தொரு வீரகேசரி நாவல்களில் பெரும்பாலானவற்றில் ஒருவருடைய பெயர் அச்சாகவும், வேறொருவருடைய பெயர் மையாலும், அது கிடைத்த வீடு மூன்றாமவருடையதாகவும் இருக்கிறது. வைத்திருந்தவர்களிடம் அழிந்தன, இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர்களிடம் தப்பின.

2011இல் துன்னாலையில் ஒரு வீட்டில் 'நிலக்கிளி' ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கங்கள் கறையான் தின்றவை. பின்னட்டையைத் திருப்பினேன். பென்சில் பட்டியல். குஞ்சம்மாவின் எழுத்து. ஒன்பது பெயர்கள், எட்டுக் கோடுகள்.

அன்றிரவே கனடாவுக்கு அழைத்து, ஒன்பதாவது பெயரை வாசித்தேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"அவளிட்டயோ இருந்தது?" என்றார் குஞ்சம்மா. "நான் இவ்வளவு காலமும் மற்றவளையெல்லோ பேசிக்கொண்டிருந்தனான்."