மலரும் இடாப்பும்

பழைய மாணவர் சங்கமொன்று தன் கலாசாலையின் ஆண்டு நிறைவு மலரை வெளியிட முனைந்ததும் முதலில் தேடுவது ஆசிச் செய்திகளையே. அமைச்சர், ஆயர், அதிபர், முன்னாள் அதிபர் என்று வரிசை நீளும். பின்னர் புகைப்படங்கள், அதன்பின் விளம்பரங்கள். சரித்திரத்துக்கென எஞ்சுவன நான்கைந்து பக்கங்கள். அவையும் முந்திய மலரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவையாகவே பெரும்பாலும் இருக்கும். பொன்விழா மலரிற் புகுந்த பிழை நூற்றாண்டு மலரிற் பிரமாணமாகிவிடுவது இவ்வாறுதான்.

வட்டுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மிஷனார் அங்கே செமினரியை நிறுவியது 1823இல். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். அந்தக் கணக்கின்படி 2023இல் இருநூறாண்டு நிறைவெய்தியது. ஆனால் செமினரி 1855இல் மூடப்பட்டது. யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது 1872இலேயே. இடைப்பட்ட பதினேழாண்டுகளை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவது விழாக்கால எழுத்துக்கு எளிது. எமக்கோ, மலர் முழுவதிலும் ஊன்றி எழுதத்தக்க பகுதி அதுவே என்று தோன்றுகிறது.

செமினரியை ஏன் மூடினார்கள்? 1855இல் பொஸ்டன் நகரத்து மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் இங்கு வந்தார். கிராமந்தோறும் தமிழிற் போதிக்கும் உபதேசிமாரை உருவாக்குவதே மிஷனின் வேலை என்பது அவர் கொள்கை. இங்கிலிஷ் கற்றவன் சுவிசேஷத்தை விட்டு உத்தியோகத்தைத் தேடிப் போகிறான் என்பது அவர் கண்ட குறை. தாய்மொழிக் கல்வியின் ஆதரவாளர் என்று அவரைப் பாராட்ட முற்படுவோர் சற்றுப் பொறுக்கவேண்டும். எந்த மொழியில் எதைக் கற்பது என்ற முடிவை, கற்கும் மக்களிடம் விடாமல், பணம் கொடுத்தவர்களே செய்தார்கள். மூடி இரண்டாண்டு கழிந்து, 1857இல், சென்னைச் சர்வகலாசாலையின் முதலாவது பீ. ஏ. பரீட்சையிற் சித்தியெய்திய இருவரும் அச்செமினரியின் மாணாக்கரே: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. 1887இற் கலித்தொகையை அச்சேற்றியவர் பின்னவர்.

இந்தப் பெருமையை மலர் எழுதட்டும். எழுதியபின் பழைய இடாப்பையும் விரித்துப் பார்க்கட்டும். கடல் கடந்து உபகாரப் பணம் அனுப்பியவர்களின் பெயர்களை எங்கள் ஊர்ச் சிறுவர்கள் சுமந்ததை அங்கே காணலாம். மாணாக்கரில் மிகப் பெரும்பான்மையினர் வேளாளர் என்பதையும் காணலாம். இடாப்பில் ஏறாத பிள்ளைகளைப் பற்றி இடாப்பு பேசாது. அதை மலராசிரியர்தாம் பேசவேண்டும். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் அமரலாம் என்ற விதி 1930ஐ அண்டி வந்தபோது குடாநாட்டில் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று.

மலர் என்றாலே புகழ்மாலை என்று நாம் ஒதுக்கிவிடவுமில்லை. யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்று அங்கேயே கற்பித்த ஹண்டி பேரின்பநாயகத்தின் நினைவாக 1980இல் வெளிவந்த தொகுதியிலேதான், சீலன் கதிர்காமர் எழுதிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் வரலாறு இடம்பெற்றது. 1924இல் மாணவர் காங்கிரஸாக உதித்து, 1927இற் காந்தியை வரவேற்று, 1931இல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்த அவ்வியக்கத்தை அறிய விரும்புவோர் இன்றும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அத்தொகுதி வெளிவந்த மறுவருடமே, 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன்பின் ஒரு பழைய மலரின் தனிப்பிரதி எவர் வீட்டுப் பெட்டகத்திற் கிடந்தாலும் அது ஆவணமாகிவிட்டது.

நாம் தொடர்புற்ற ஒரு மலர்க் குழுவில், விடுதிச் சமையற்காரர், காவற்காரர், கூட்டுவோர் ஆகியோரின் பெயர்களைச் சம்பளப் புத்தகத்திலிருந்து திரட்டி ஒரு பக்கம் வெளியிடலாம் என்று கேட்டோம். பழைய சேர்வு இடாப்பில் எந்தக் கிராமத்துப் பிள்ளைகள் எந்த ஆண்டுவரை காணப்படவில்லை என்பதையும் எழுத முன்வந்தோம். விழா நேரத்திற் பழம் புண்ணைக் கிளறவேண்டாம் என்றார் ஒரு பெரியவர். சம்பளப் புத்தகம் அலுமாரியிலேயே இருந்தது. பூட்டைத் திறக்கவும் எவரும் எழவில்லை. எமக்கென ஒதுக்கியிருந்த பக்கத்தில் நகைக்கடை விளம்பரமொன்று வந்தது, முழுப் பக்கமாக.