சிறுவர் பாதுகாப்பும் அந்தரங்கமும்: பிரித்தானியச் சட்ட வரலாறு பற்றிய சில குறிப்புகள்

சிறுவரைப் பாதுகாக்கும் சட்டங்களை மனிதாபிமானத்தின் வெளிப்பாடுகளாக மட்டும் கொண்டு, மேற்கொண்டு ஆராயாது விடுவது பொது வழக்கமாகும். சிறுவர் துஷ்பிரயோகம் கொடியது. அதனைத் தடுப்பது சமூகத்தின் கடமை. இதிலே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயினும் சட்டங்கள் வர்க்க சமுதாயத்திலே தோன்றுவன. அவற்றைச் செயற்படுத்துவது அரசு. எனவே, இத்தகைய சட்டமொன்றின் நோக்கத்தோடு, எவருடைய வாசலினுள் நுழையும் அதிகாரத்தை அது அரசுக்கு அளிக்கின்றது என்பதையும் நாம் வினவ வேண்டியுள்ளது. கைத்தொழில் முதலாளித்துவத்தின் தாயகமான பிரித்தானியாவிலே வெவ்வேறு காலங்களிற் பிறந்த மூன்று சட்டங்களை இவ்வினாவோடு ஒப்புநோக்கலாம்.

முதலாவது, 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். பட்டு ஆலைகள் தவிர்ந்த நெசவாலைகளில் 9 வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதை அது தடைசெய்தது. 13 வயதுக்குட்பட்டோரின் வேலைநேரத்தைப் படிப்படியாக வாரத்துக்கு 48 மணித்தியாலங்களாகக் குறைத்தது. இதனை மேற்பார்வை செய்ய 4 பரிசோதகர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்கள் நுழைந்தது முதலாளியின் ஆலைக்குள்ளாகும். அவர்களது அறிக்கைகளே பின்னர் மார்க்சின் ‘மூலதனம்’ நூலுக்கு முக்கிய சான்றாதாரங்களாயின. இச்சட்டத்திலும் வயதுப் பரிசோதனை இடம்பெற்றமை மனங்கொள்ளத்தக்கது. இங்கிலாந்தில் அரச பிறப்புப் பதிவு 1837இலேயே தொடங்கியமையால், பிள்ளையின் தோற்றத்தையும் உடல் வலுவையும் பார்த்து வைத்தியர் வயதுச் சான்றிதழ் வழங்கினார். பொய்ச் சான்றிதழ்கள் மலிந்தன. எனினும், அச்சான்றிதழ் கட்டுப்படுத்த முனைந்தது ஆலை முதலாளியையே.

இரண்டாவது, 1885ஆம் ஆண்டுக் குற்றவியற் சட்டத் திருத்தச் சட்டம். வறிய குடும்பங்களின் சிறுமியர் விபசாரத்துக்கு விற்கப்படுவதை அம்பலப்படுத்தி டபிள்யூ. ரி. ஸ்ரெட் அவ்வாண்டு யூலை மாதம் ‘பால் மால் கசற்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரைத் தொடர் பெருங் கொந்தளிப்பை உண்டாக்கிற்று. பாராளுமன்றத்தில் தேங்கிக் கிடந்த மசோதா ஓகஸ்ட் மாதத்திற் சட்டமாகியது. பெண்பிள்ளைகளின் சம்மத வயது 13இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. இது முன்னேற்றமே. ஆனால், விவாதத்தின் இறுதிக் கட்டத்தில் ஹென்றி லபூஷேர் முன்மொழிந்த 11ஆம் பிரிவும் அதனுடன் சேர்ந்துகொண்டது. ஆண்களுக்கிடையிலான ‘ஒழுக்கக்கேடான’ செயல்களை, அவை பகிரங்கமாக நிகழ்ந்தாலும் தனிமையில் நிகழ்ந்தாலும், அது குற்றமாக்கிற்று. வளர்ந்தோரின் தனிவாழ்வைப் பற்றிய இப்பிரிவுக்கும் சிறுமியர் விற்பனைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1895இல் ஒஸ்கார் வைல்ட் ஈராண்டு கடூழியச் சிறைக்கு அனுப்பப்பட்டது இப்பிரிவின் கீழாகும். சிறுமியரை விலைப்பொருளாக்கிய வறுமையோ அப்படியே இருந்தது.

மூன்றாவது, 2023 ஒக்ரோபர் 26இல் அரச அங்கீகாரம் பெற்ற நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டம். மேலே கண்ட இரு மரபுகளும் இச்சட்டத்திலே ஒருங்கே காணப்படுகின்றன. தமது தளங்களால் விளையும் தீங்குகளை மதிப்பிட்டுக் குறைக்குமாறு பெருநிறுவனங்களை அது பணிக்கின்றது. தவறுவோருக்கு உலகளாவிய வருமானத்தில் 10 வீதம் வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு. இது 1833இன் மரபு எனலாம். ஆனால், 121ஆம் பிரிவோ, சிறுவர் துஷ்பிரயோகப் படங்களைக் கண்டறியும் தொழில்நுட்பத்தைப் பகிரங்கப் பதிவுகளில் மட்டுமன்றித் தனிப்பட்ட செய்திகளிலும் பயன்படுத்துமாறு கட்டளையிடும் அதிகாரத்தை ஒவ்கொம் என்னும் ஒழுங்குபடுத்தும் நிறுவனத்துக்கு அளிக்கின்றது. 1885இன் ‘தனிமையிலும்’ என்ற சொல் இங்கு மீண்டும் ஒலிக்கின்றது. அனுப்புநரும் பெறுநருமன்றி வேறெவரும் வாசிக்க இயலாதவாறு குறியாக்கப்பட்ட செய்தியைப் பரிசோதிப்பதாயின், குறியாக்கத்துக்கு முன்னரே ஒவ்வொருவரது கைத்தொலைபேசியிலும் அதனைப் பார்த்தாக வேண்டும். தொழில்நுட்ப ரீதியிற் சாத்தியமாகும்வரை இவ்வதிகாரம் பயன்படுத்தப்படமாட்டாது என அரசாங்கம் 2023 செப்ரெம்பரிற் கூறியது. ஆயினும் பிரிவு நீக்கப்படாமலே சட்டம் நிறைவேறிற்று.

வயதுப் பரிசோதனையும் தலைகீழாகியுள்ளது. 2025 யூலை 25 முதல், ஆபாசத் தளங்களைப் பார்க்க விரும்பும் வளர்ந்தோர் தமது வயதை நிரூபிக்க வேண்டியவராயினர். முகத்தை நோக்கி வயதைக் கணிக்கும் முறையும் ஏற்கப்பட்டுள்ளது. அன்று வைத்தியர் செய்ததை இன்று இயந்திரம் செய்கின்றது. வேறுபாடு யாதெனில், முகமும் அடையாள அட்டையும் தனியார் நிறுவனங்களின் கைக்குப் போய்ச் சேர்கின்றன. வயது தொடர்பான முறையீடுகளுக்காகப் பெறப்பட்ட ஏறத்தாழ 70,000 பேரின் அடையாள ஆவணப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என டிஸ்கோர்ட் நிறுவனம் 2025 ஒக்ரோபரில் அறிவித்தது.

இதனாலே நாம் பெருநிறுவனங்களின் பக்கம் நிற்க வேண்டுமென்பதில்லை. 1833இல் ஆலை முதலாளிகள் ஒப்பந்த சுதந்திரம் பேசினர். இன்று பயனரின் ஒவ்வொரு அசைவையும் பண்டமாக்குவோர் அந்தரங்கம் பேசுகின்றனர். அவர்களுடைய சுதந்திரம் வேறு, மக்களுடைய சுதந்திரம் வேறு. தொழிற்சங்கத்தினரும், துன்புறுத்தும் கணவனிடமிருந்து தப்ப முயலும் பெண்ணும், தன் வீட்டில் நடக்கும் கொடுமையை நம்பிக்கையான ஒருவருக்கு எழுதும் பிள்ளையும் பிறர் வாசிக்க இயலாத கடிதத்தை வேண்டி நிற்பவர்களே. சிறுவர் பாதுகாப்பும் அந்தரங்கமும் ஒன்றுக்கொன்று பகையென்னும் வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கின்றது.

2024 சனவரியில் நமது பாராளுமன்றமும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமொன்றை நிறைவேற்றியமையால், இவ்வரலாறு எமக்கு அந்நியமானதன்று. பரிசோதகரை வேண்டாமென்பது முற்போக்காளரின் நிலைப்பாடாக இருக்க முடியாது. அவர் நுழைய வேண்டிய இடம் ஆலையேயன்றி மக்களின் கடிதப்பை அன்று என்பதே நாம் வலியுறுத்த வேண்டியதாகும்.